மாம்பழப் புகை

"இன்னாங்க இது, விசிலா?"

கேட்டவர் அப்பாசாமி. மாப்பிள்ளை அருண்பிரசாத்தின் தாய்மாமன், கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிறவர். பெண் பார்க்க வந்த வீட்டில் சோபாவுக்கு அடியில் கிடந்த நீலக் குழலை எடுத்தவர், யாரும் பதில் சொல்வதற்குள் வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. உறிஞ்சித்தான் பார்ப்போமே என்று ஓர் இழுப்பு இழுத்தார். நுனியில் விளக்கு எரிந்தது. வாய், மூக்கு இரண்டிலும் புகை வந்தது. கூடம் முழுக்க மாம்பழ வாசனை.

"ஊதுபத்தி சூப்பரா இருக்குதே சம்பந்தி, எந்தக் கடைல வாங்கினீங்க?" என்றாள் அருணின் அம்மா தனம். பேச்சே இன்னும் முடியவில்லை, அதற்குள் சம்பந்தி.

பெண்ணின் அப்பா சகாதேவன் முகத்தில் ஈயாடவில்லை.

காரணம் அருணுக்குத் தெரியும். கொஞ்சம் முன்னால் அவர் குனிந்து கேசரித் தட்டை நீட்டியபோது அவருடைய சட்டைப் பையிலிருந்துதான் அது நழுவியது. கண்ணால் பார்த்தான். மனுஷர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். காலேஜ் காலேஜாகப் போய்ப் புகைக்கு எதிராகப் பேசுகிறவர். அவர் பையிலேயே இப்படியொரு சரக்கென்றால் சிரிப்பதா, அழுவதா?

"இது அந்த ஈ-சிகரெட்டாச்சே," என்று பெண்ணின் அம்மா ரேணுகாம்பாள் கிட்டே வந்து பார்த்தாள். "நீங்க காலேஜ்ல படம் போட்டுக் காட்டுவீங்களே. சட்டம் இன்னா சொல்லுதுன்னு சொல்லுங்க."

சகாதேவன் காலிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நாடு முழுக்கத் தடைங்க. விக்கக் கூடாது, வெளிநாட்டுல இருந்து கொண்டாரக் கூடாது, விளம்பரம் பண்ணக் கூடாது. ஸ்டாக் வச்சிருந்தாலும் ஜெயில்தான்." மேடையில் முழங்குகிற குரல் பூனைக்குட்டி போல வந்தது.

"ஜெயிலா?" அப்பாசாமி அதைக் கேசரித் தட்டிலேயே போட்டுவிட்டார். "நான் ஒரே ஒரு இழுப்புதாங்க இழுத்தேன்."

"அது இருக்கட்டும். நம்ம வீட்டுக்குள்ள எப்படி வந்துது? யாருது?" ரேணுகாம்பாள் விடுவதாக இல்லை. அவள் பார்வை மெல்ல கணவர் பக்கம் திரும்பியது.

அருண் உள்ளறை வாசலைப் பார்த்தான். கவிநிலா திரைக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காபியைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாளே, அதிலேயே அவன் விழுந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான். இவள் அப்பாவின் மானம் இப்படிச் சபையில் போனால் இந்தச் சம்பந்தமும் அதோடு போச்சு.

"என்னுதுங்க," என்றான்.

தனம் தலையில் அடித்துக்கொண்டாள். "என் புள்ள டீ கூட ஜாஸ்தி குடிக்க மாட்டான்னு இப்பதானேடா பெருமை பேசினேன்."

"இன்னையோட விட்டுட்டேன் மாமா," என்று சகாதேவனிடம் கும்பிட்டான்.

சகாதேவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. "தப்பை இப்படி நேரா ஒத்துக்கிற புள்ள எங்கங்க கிடைக்கும்? எனக்குச் சம்மதம். வர்ற முகூர்த்தத்துலயே தட்டு மாத்திக்கலாம்."

அருணுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பெண்ணும் பையனும் தனியாக ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். எதிரே மலை. கவிநிலாதான் முதலில் பேசினாள்.

"அது நெஜமாவே உங்களுதா?"

"இல்லீங்க. உங்க அப்பா பையில இருந்து விழுந்துது, நான் பாத்துட்டேன். பாவம், ஊருக்கே புத்தி சொல்ற மனுஷர். நீங்க ஒண்ணும் கேட்டுடாதீங்க. கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமா பேசி அந்தப் பழக்கத்தை விட வச்சிடறேன்."

கவிநிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்குப் பாக்கு போட்டாலே தலை சுத்தும்ங்க," என்றாள். "காலைல என் ஹேண்ட்பேக்ல இருந்து புடுங்கி வச்சது அது."