ஆறு பேரா, ஏழு பேரா?

ஒரு பள்ளிக்கூடத்தில் உறை போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டருக்குப் பொறுக்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் அதைத் தொடாமலே டேட்டாபேஸ் பாடத்தை ரெக்கார்டு நோட்டில் எழுதி முடித்திருந்தார்கள்.

“இந்தப் பாடத்துக்கென்று என்னிடம் இருக்கும் மாதிரிப் பட்டியலில் தொண்ணூறுக்கு மேல் மார்க் வாங்கியவர்கள் ஆறு பேர்தானய்யா! உனக்குள் ஏழு என்று எழுதியிருக்கிறதே?” என்று பக்கத்தில் கிடந்த நோட்டைக் கேட்டது.

“போன வருஷ நோட்டிலும் ஏழுதான். அதற்கு முந்தின வருஷமும் ஏழுதான்.”

“என்னை ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் என்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?”

“மார்க்குக்கு உதவுகிறதே, அப்பா!”

செய்முறைத் தேர்வு நாளில்தான் உறையைக் கழற்றினார்கள். ஒரு மாணவி அதே கேள்வியைத் தட்டினாள். கம்ப்யூட்டர் ஆசையோடு ஆறு பேரைக் காட்டியது. தேர்வாளர் நாற்பத்திரண்டு நோட்டுகளையும் புரட்டினார். அத்தனையிலும் ஏழு.

“மெஷின் ரிப்பேர்” என்று சீட்டு ஒட்டி, உறையை அவரே மாட்டினார்.