வாடகை ஷூக்களின் கணிப்பு

பனிச்சறுக்குத் தளத்தின் அலமாரியில் ஆறாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் வாடகை ஷூக்கள். சறுக்கத் தெரியாதவர்களோடு நாள் முழுக்க விழுந்து எழுவதுதான் பிழைப்பு. ஆனாலும் தேசியப் போட்டி நெருங்கிவிட்டால் இரண்டுக்கும் வாய் ஓயாது.

“இந்தத் தடவை தாரிணிக்குத்தான் கோப்பை” என்றது ஒன்பது.

“அவளா? நேத்து இங்க பயிற்சியில மட்டும் நாலு தடவை விழுந்தா. தேறவே மாட்டா, எழுதி வச்சுக்கோ” என்றது ஆறு.

கீழே பெஞ்சில் ஈரம் காய வைத்திருந்த வெள்ளை ஷூ மெல்ல நிமிர்ந்தது. தாரிணியின் ஷூ. ஆறுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பரவாயில்லைங்க. ஒண்ணு கேக்கணும்” என்றது வெள்ளை ஷூ. “உங்களைப் போட்டுக்கிட்டு விழுறவங்க சிரிக்கிறாங்களே, அது எப்படி? எங்க தாரிணி விழுந்ததும் பார்க்க வந்தவங்க முகத்தைத்தான் பார்க்கிறா.”

தன்னோடு விழுந்தவர்களை ஆறு ஒருநாளும் கவனித்ததில்லை. மனசெல்லாம் போட்டியிலேயே இருந்தது.

மறுநாள் காலை ஆறை மாட்டிக்கொண்ட ஒரு அம்மாள் மூன்றாவது அடியிலேயே தொப்பென்று விழுந்தார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

“தாரிணி வந்துட்டா!” என்று அலமாரியிலிருந்து கத்தியது ஒன்பது. “இன்னிக்கு எத்தனை தடவை விழுறான்னு எண்ணு!”

“கொஞ்சம் சும்மா இரு” என்றது ஆறு. “இந்த அம்மா சிரிக்கிறதைக் கேட்டுக்கிட்டிருக்கேன். அந்த வெள்ளை ஷூகிட்டப் போய்ச் சொல்லணும்.”