பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால்

"ஏங்க, இங்க எதுக்கு நிறுத்துறீக?"

முத்தழகு கேட்ட பிறகுதான் மருதுபாண்டிக்கு உறைத்தது. தேவகோட்டைப் பஸ் நிறுத்தம். கூடையோடு நின்றிருந்த ஒரு பெண் அதற்குள் காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"திருவாடானை போகுமாண்ணே?"

"சவாரி வண்டி இல்லம்மா, நாங்க வாடகைக்கு எடுத்த காரு," என்றாள் முத்தழகு, சிரிப்பை அடக்க முடியாமல். "இவுக ரிட்டயர் ஆகி ஒரு மாசந்தான் ஆகுது. காலு இன்னும் பஸ்ஸுலயே இருக்கு."

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. அந்தச் சத்தமின்மைதான் மருதுபாண்டியைப் படுத்தியது. இஞ்சின் உறுமாத வண்டியை எதை நம்பி ஓட்டுவது? இடது கை அடிக்கடி இல்லாத கியரைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியது.

எல்லாம் மகள் சத்தியப்பிரியாவின் ஏற்பாடு. சென்னையில் இருந்தபடியே காரைக்குடியில் பேட்டரி காரை வாடகைக்குப் பிடித்து, மானகிரி வீட்டு வாசலுக்கே அனுப்பிவிட்டாள். "அம்மாவுக்கு ராமேஸ்வரம் தீவைச் சுத்திக் காட்டிட்டு வாங்கப்பா. உங்களுக்குத் தெரியாத இடமா?"

தெரியாத இடம்தான். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பாதி வாழ்க்கை அந்தத் தடத்தில் அரசுப் பஸ் ஓட்டியிருக்கிறார். ஆனால் ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. முகம் கழுவி டீ குடிப்பதற்குள் டைம் கீப்பர் விசில் ஊதிவிடுவார். பாம்பன் பாலத்தில் பயணிகள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கடலைப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ரோட்டைப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

கல்யாணமான புதிதில், சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து முத்தழகு கேட்டாள்: "அம்புட்டுத் தூரம் போறீகளே, தனுஷ்கோடி எப்படி இருக்கும்?"

பார்த்ததில்லை என்று சொல்ல அந்த வயதில் வெட்கமாக இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்த பயணிகள் பேசிக்கொண்டதை எடுத்துவிட்டார். அலை எகிறும் ஆண் கடல், அடங்கிக் கிடக்கும் பெண் கடல். புயலில் இடிந்த சர்ச். மணலில் புதைந்த தண்டவாளம். அவள் பரிமாறிய கை காய்வதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். "இன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு?" டியூட்டி முடிந்து வரும் மனிதருக்கும் அவளுக்கும் நடுவே அந்த ஒரு பேச்சுத்தான் இனிப்பாக இருந்தது. சத்தியப்பிரியா அந்தக் கதைகளைக் கேட்டபடியே தூங்கி வளர்ந்தாள்.

இன்று மாட்டிக்கொண்டால், அத்தனை சாயங்காலங்களும் பொய்யாகிப்போகும்.

ராமநாதபுரத்தில் சார்ஜ் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பாலம் கடந்து, ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டு வந்தது. கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"சார்ஜ் பத்தாது போலிருக்கு. கோயிலைக் கும்பிட்டுட்டு இப்படியே திரும்பிருவோமா?"

"பாதிக்கு மேல காட்டுது. இன்னும் எம்புட்டுத்தான் வேணுமாம்?"

"மணல் ரோடு. நிறைய இழுக்கும்."

"தார் ரோடு போட்டு வருசமாச்சாம், பேப்பர்லயே போட்டிருந்தான். நேரா விடுங்க. அந்த வேன் பின்னாலயே போனாப் போதும், எல்லாரும் அங்குட்டுத்தானே போறாக."

வேனுக்குப் பின்னால் விட்டார். வீடுகள் முடிந்தன. சவுக்குத் தோப்பு முடிந்தது.

"ஏங்க, ஆண் கடல் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்," என்றார், பஸ் டைம் சொல்கிற உறுதியோடு.

கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் கடல் திறந்துகொண்டது. இடது பக்கம் ஊருணி மாதிரி சாதுவாகக் கிடந்தது. வலது பக்கம் அலை எகிறிக் கல்லில் மோதியது.

மருதுபாண்டி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முத்தழகு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னைக்குக் காத்து மாறியடிக்குதோ என்னமோ."

"ஆமா, ஆமா! காத்து மாறினா கடலும் மாறும்," என்று பற்றிக்கொண்டார்.

"நீங்க சொன்னாச் சரித்தேன்."

சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். மணலில் கொஞ்சம் நடந்ததும் நிலம் என்று எதுவும் இல்லை. இரண்டு கடலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கலந்துகொண்டிருந்தன. இரண்டு நிறத்துக்கும் நடுவே கோணல்மாணலாக வெள்ளை நுரை. யாரோ சொல்லிக் கேட்டதெல்லாம் இதில் கால்வாசிகூட இல்லை.

செருப்பைக் கழற்ற மறந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். வேட்டி நனைந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. எத்தனையோ முறை வந்தவன் இப்படி நிற்கமாட்டான் என்ற நினைப்பு வந்து திடுக்கிட்டுத் திரும்பினார்.

முத்தழகு கடலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தா அப்படிப் பாக்குற? கடலைப் பாரு. எப்படி, நான் சொன்ன மாதிரியே இருக்கா?"

"அச்சு அசலா," என்றாள் அவள்.

மருதுபாண்டிக்கு மூச்சு வந்தது. தப்பித்தாயிற்று. சாயங்காலங்கள் பத்திரம்.

அப்போது மாங்காய்த் தட்டைத் தலையில் சுமந்த ஒருத்தி மணலில் வேகமாக வந்து முத்தழகின் கையைப் பிடித்தாள்.

"வாங்கக்கா! வருசா வருசம் மகளிர் குழு வேன்ல வருவீக, இந்தத் தடவை காருல வந்திருக்கீக?" என்றவள், நனைந்த வேட்டியோடு நின்றவரை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். "பஸ் ஸ்டாண்டோட திரும்பிப் போற மனுசனை ஒரு நாளைக்காச்சும் கூட்டியாந்து காட்டாம விடமாட்டேன்னு சொல்லுவீகளே... இவுகதானா?"