மாமியாருக்கு ஒரு மாலை

“அக்கா, பொங்கலூருக்கு வந்துட்டோமுங்க. உங்கூட்டுக்கு எந்தப் பக்கம் திரும்போணும்?”

போனில் இப்படிக் கேட்டது, பனியன் கம்பெனியில் சித்ரகலாவோடு வேலை செய்யும் கவிப்பிரியா.

“எங்கூட்டுக்கு எதுக்கு கண்ணு?”

“என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? உங்க மாமியாருக்கு மாலை போடத்தான். கம்பெனி வேன்லயே வர்றோம். மேனேஜரும் இருக்காருங்க. அழுதழுது உங்களுக்குத் தொண்டையே கட்டிப்போச்சாட்ட இருக்குது. நீங்க வைங்க, நாங்க விசாரிச்சுட்டு வந்தர்றோம்.”

சித்ரகலா நின்றிருந்தது துக்க வீட்டில் அல்ல. மாமல்லபுரத்தில். சரிவில் இப்பவோ அப்பவோ உருண்டுவிடும் போல நிற்கிற அந்த மாபெரும் பாறைக்கு எதிரில். மகள் அனுப்ரியா பாறையை இரண்டு கையாலும் தள்ளுவதுபோல நின்றுகொண்டு, “அப்பா, சீக்கிரம் எடுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மாமியார் கருப்பாத்தாளோ, பொங்கலூர் வீட்டில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

கணவன் வேல்குமார் இரவல் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தான். “யாரு போன்ல? ஏன் இப்படி வெளிறிப்போயிட்ட?”

“ஏனுங்க... எங்க கம்பெனியில ஷிப்மெண்ட் முடியற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லைன்னுட்டாங்க. உங்க கம்பெனியில நூல் வரலைன்னு லீவு. புள்ளைக்குக் காலாண்டு லீவு. மூணு பேருக்கும் சேந்தாப்புல என்னைக்குங்க லீவு கெடைச்சிருக்குது? அதனால...”

“அதனால?”

“அத்தை செத்துட்டாங்கன்னு நேத்துக் காலையில போன்ல சொல்லிட்டனுங்க.”

“எங்கம்மாவையா? ஏன், உங்கம்மா இல்ல?”

“எங்கம்மாவைத்தான் போன வருசமே சொல்லியாச்சுங்களே.”

வேல்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு பாறைச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அறிவிருக்குதா உனக்கு? துக்கம்னா கம்பெனி ஆளுக வேன் ஏறி வருவாங்கன்னு தெரியாதா?”

“ஷிப்மெண்டை விட்டுட்டு வருவாங்கன்னு யாருங்க கண்டா? இப்பப் பொய்யின்னு தெரிஞ்சா வேலை போயிருமுங்க.”

போகும்தான். மேனேஜர் செங்கோட்டையன் துணி பாழானால்கூடப் பொறுத்துக்கொள்வார். பொய்யைப் பொறுக்க மாட்டார். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு சினிமாத் தியேட்டரில் அகப்பட்ட டெய்லர் ஒருவரை, மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

“பக்கத்து வீட்டு அமராவதிக்குப் போன் போடுங்க” என்றாள் சித்ரகலா. “அத்தையை உள்ளே போய்ப் படுத்துக்கச் சொல்லுங்க.”

“படுத்தா மாலையே போட்டுருவாங்கடி!”

சொல்லிக்கொண்டே வேல்குமார் போன் போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். கடைசியில் அமராவதி எடுத்தாள்.

“உங்கூட்டு முன்னால வேன் வந்து நிக்குதுங்க. பெரிய மாலையா வெச்சுட்டு எறங்குறாங்க. உங்கம்மா வாசல்லதான் நிக்கறாங்க. என்னங்க விசேஷம்?”

“அப்புறம் கூப்புடறனுங்க.” வேல்குமார் போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ரதங்களைப் பார்த்தார்கள். கல் யானையைப் பார்த்தார்கள். “இதெல்லாம் ஒரே கல்லும்மா” என்று புத்தகத்தில் படித்ததை அனுப்ரியா சொல்லச் சொல்ல, சித்ரகலா ‘உம்’ கொட்டினாள். கண்ணெல்லாம் கையிலிருந்த போன் மேல்தான்.

“போங்கம்மா, நீங்க பாக்கவே இல்ல.”

போன் அடித்தது. மேனேஜர்.

“சார்...” குரல் நிஜமாகவே நடுங்கியது.

“பாத்துட்டோம்மா. நேத்துச் சாயங்காலமே எடுத்துட்டீங்களாமா. அஸ்தி கரைக்க எல்லாரும் கொடுமுடிக்குப் போயிட்டீங்கன்னு உங்க மாமியாரோட தங்கச்சி சொன்னாங்க. அந்தம்மா அழுத அழுகையை எங்களால பாக்க முடியல. மாலையை அவங்க கையிலயே குடுத்துட்டு வந்துட்டோம். நீ காரியமெல்லாம் முடிச்சுட்டு நிதானமா வா.”

சித்ரகலா சொன்னதைக் கேட்டு வேல்குமார் விழித்தான். “தங்கச்சியா? எங்கம்மாவுக்கு ஏது தங்கச்சி? அவங்க ஒத்தப் புள்ளையல்ல?”

மறுபடியும் போன். அமராவதியின் நம்பர். பேசியது கருப்பாத்தாள்.

“அத்தை...” என்றாள் சித்ரகலா.

“பயப்படாத கண்ணு. ‘சித்ராவோட மாமியார் எப்பங்க போனாங்க’ன்னு கேட்டாங்களா, எனக்கே ஒரு நிமிசம் திக்குனு ஆயிப்போச்சு. அப்புறம் வெளங்கிருச்சு. போனது எங்கக்கான்னு சொல்லி, எனக்கு நானே ஒப்பாரி வெச்சு அனுப்பி விட்டுட்டேன். இனி உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது.”

“தப்புப் பண்ணிட்டனுங்க அத்தை.”

“அது கெடக்குது போ. அவ்வளவு தூரம் போயிட்டுப் புள்ளைக்கு ஒண்ணு விடாமக் காட்டிக் கூட்டிட்டு வா.”

போனை வைப்பார் என்று பார்த்தால், வைக்கவில்லை. செருமுவது கேட்டது.

“ஏங்கண்ணு, ‘பெத்த தாயாட்டம் என்னைப் பாத்துக்கிட்டாங்க’ன்னு சொல்லி நேத்து போன்ல அழுதியாமா? உங்க மேனேஜர் அதையச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் தொடைச்சாரு. இத்தனை வருசமா ஒரே ஊட்டுல இருக்கறோம்... அந்த ஒரு வார்த்தையைக் கேக்கறதுக்கு நான் செத்தே போவோணுமா?”