ஒரே ஓர் அழுகை

ஏவிஸுக்கு வலி கண்ட காலையிலிருந்து, அவள் புருஷன் ஹேமோ அறை வாசலை விட்டு நகரவில்லை. சூடான பாலும் மதுவும் கலந்த கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தான். இப்படி ஒரு புருஷனா என்று பெண்கள் வியந்தார்கள்.

மூடிபோட்ட கூடையோடு வந்த மருத்துவச்சி எமட்டை நிறுத்தினான். “குழந்தை அழுத அப்புறம் இதை அவளுக்குக் குடுக்கணும். முன்னாடி ஒரு சொட்டுகூடக் கூடாது.”

எமட் கிண்ணத்தை மோந்து பார்த்தாள். அதை அவன் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நிலம் ஏவிஸின் அப்பா விட்டுப்போனது. பிறக்கும் பிள்ளை ஒரு தரம் அழுது, அது நான்கு சுவருக்குள் கேட்டுவிட்டால் போதும். அவள் செத்தாலும் புருஷன் சாகும்வரை நிலம் அவன் கையில். அழுகை கேட்காமல் அவள் போய்விட்டால், நிலம் அவள் பெரியப்பா மகனுக்கு, ஹேமோ தெருவில். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டம் அப்படி.

பெண்கள் சாட்சி செல்லாது, ஆண்களை உள்ளே விடவும் மாட்டார்கள். அதனால் அண்டைவீட்டார் நாலு பேர் சுவரில் காதை வைத்து நின்றார்கள்.

நடுப்பகலில் ஏவிஸ் அலறினாள். ஓயாத அலறல். உள்ளிருந்த பெண்களும் உரக்க ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள்.

“கேட்டுச்சா?” என்றான் ஹேமோ.

“உன் பெண்டாட்டி தொண்டைதான்பா கேக்குது. அடுத்த ஊருக்கே கேட்டிருக்கும்” என்றான் சுவரோரம் நின்ற நால்வரில் ஒருவனான மாவுமில்காரன்.

பிறகு எல்லாம் அடங்கியது. எமட் கூடையை இரு கையாலும் பிடித்தபடி வெளியே வந்தாள்.

“பிள்ளை வாயே திறக்கல ஐயா. தாயும் ரொம்பத் தளந்து கிடக்கா.”

ஹேமோவின் முகம் வெளுத்தது. கிண்ணத்தை வாசல் மண்ணில் கவிழ்த்தான். நக்க வந்த தன் வேட்டைநாயை உதைத்து விரட்டினான்.

“கோழியடிச்சு சாறு வைங்க” என்றான். “அவ சாகக் கூடாது. அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.”

“பிள்ளை முகத்த ஒரு தரம் பாக்குறீங்களா?”

“எதுக்கு? கொண்டுபோய்ப் புதை.”

எமட் ஆற்றைக் கடந்தாள். மில்லின் சத்தமும் தேய்ந்த பிறகு, ஒரு வேலியோரம் உட்கார்ந்து கூடையின் மூடியைத் திறந்தாள். தேனில் நனைத்த துணியை அந்தச் சின்ன வாயிலிருந்து மெல்ல எடுத்தாள்.

“இப்ப அழு கண்ணு. யாருக்கும் கேக்காது.”