பேர்க்காரி

“ஒரு பட்டனைத் தட்டினா முடிஞ்சது. கூடப்பிறந்தவனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?”

அலுவலகத்தின் நடுவில் நின்று தம்பி இப்படிக் கேட்டதும், சுற்றியிருந்த ஊழியர்கள் அவசரமாகக் கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

சொந்தபந்தத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பேர்க்காரி. பேரை விற்றுப் பிழைக்கிறாளாம். கடையோ பள்ளிக்கூடமோ, இணையத்தில் தனக்கென்று ஒரு முகவரி வேண்டுமென்றால் அந்தப் பெயரை எங்காவது பதிய வேண்டும். அப்படிப் பதிந்து, ஒருவர் பெயரில் இன்னொருவர் கைவைக்காமல் காப்பதுதான் அவள் நிறுவனத்தின் வேலை. வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைப் போட்டு ஆரம்பித்தவள். அது தடதடக்கும்போதெல்லாம் வாடிக்கையாளரிடம், “பக்கத்துல கட்டட வேலை நடக்குது சார்” என்று போனில் சமாளித்திருக்கிறாள். இன்று சொந்தமாக இரண்டு மாடி. உள்ளே நுழையும்போது இப்போதும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நுழைவாள்.

தம்பி, அளவெடுத்து ஷூவும் செருப்பும் தைத்துக் கொடுப்பவன். நல்ல வேலைக்காரன். ஆனால் அக்காவிடம் பதிந்திருந்த கடையின் இணைய முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் ஒன்றையும் அவன் திறந்து பார்க்கவில்லை. கெடு தாண்டிப் பெயர் பொதுவுக்கு வந்துவிட்டது. ‘அளவுச் செருப்பு’ என்று யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய பெயர். பக்கத்துத் தெருச் செருப்புக்கடைக்காரர் அவள் நிறுவனத்திலேயே முறைப்படி கேட்டுத் தன் பேரில் பதிந்துகொண்டார். தம்பியைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் இப்போது அங்கே போய் விழுந்தார்கள்.

“பட்டன் ஒண்ணுதான். அதனாலதான் தொட மாட்டேன்,” என்றாள்.

“அந்த ஆள் வேணும்னே பண்ணியிருக்கான்.”

“இருக்கலாம். ஆனா முறையாப் பதிஞ்சிருக்கார். இன்னைக்கு உனக்காக அவர்கிட்ட பிடுங்கினா, நாளைக்கு வேற எவனுக்காகவோ உன்கிட்ட பிடுங்குவேன்.”

வேறு நல்ல பெயராகத் தேடலாம், தானே கூட உட்கார்ந்து எல்லாம் செய்து தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் போன வேகத்தில் கண்ணாடிக் கதவு வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. அந்தப் பெயரைத் திரையில் வரவழைத்தாள். உரிமையாளரை மாற்றும் பட்டன், பக்கத்திலேயே சாதுவாக உட்கார்ந்திருந்தது. அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். விழுந்து முட்டி பெயர்ந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவளும் அவள்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பக்கத்தை மூடினாள்.

சேதி வீட்டுக்கு எட்டியது. உனக்கு அந்த மெஷின்கள்தான் கூடப்பிறந்ததா என்று அம்மா போனில் அழுதாள். பெரிய மனுஷி ஆகிவிட்டால் ரத்தம் தண்ணீராகிவிடும்போல என்றார் சித்தப்பா. வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் பேரையும் வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்துவிடுவாளோ என்ற பயமாக இருக்கலாம்.

தம்பி வேறு பெயரில் கடையை மறுபடி இணையத்தில் ஏற்றினான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா வீட்டில் அவள் ஒரு வாசலால் நுழைந்தால், அவன் இன்னொரு வாசலால் வெளியே போனான்.

இத்தனைக்கும் மேல், பெரியம்மா மகள் போன் பண்ணி இன்னொன்றும் சொன்னாள். கடைக்கு வருகிற ஒருத்தரை விடாமல் பிடித்து உட்காரவைத்து, அக்கா தன்னைத் திருப்பி அனுப்பிய கதையைத்தான் தம்பி சொல்கிறானாம். ஊரே பேசுகிறதாம்.

“சொல்லட்டும். நடந்ததைத்தானே சொல்றான்,” என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம், தன் கிளைகளின் முகவரிகள் அத்தனையையும் ஒரே இடத்தில் ஒப்படைக்க ஒரு நிறுவனத்தைத் தேடிக்கொண்டிருந்தது. முன்பு பதிந்திருந்த இடத்தில் யாரோ ஒரு செல்வாக்குள்ள ஆள் உள்ளே பேசி, ஒரு கிளையின் பெயரைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டுவிட்டான். நோயாளிகள் எங்கோ போய் ஏமாந்தார்கள். போட்டியில் பெரிய பெரிய கம்பெனிகள். தனக்குக் கிடைக்கும் என்று அவளே நம்பவில்லை.

ஆனால் குழுமத்தின் நிர்வாகி அம்மா நேரிலேயே வந்தார். சர்வர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, உங்களுக்கே கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டோம் என்றார்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டாள்.

“உங்க தம்பியை வெச்சு.”

அவள் முகம் மாறியது. அவன் என்ன சொன்னான் என்று மெதுவாகக் கேட்டாள்.

“எனக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிசு. அவர்கிட்டதான் ஷூ தைக்கிறேன். அளவெடுக்கும்போது இந்தப் பேர் விஷயத்தைச் சும்மா புலம்பினேன். டேப்பைக் கீழே வெச்சுட்டு நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். ‘கண்ணை மூடிக்கிட்டு எங்கக்காகிட்ட கொடுங்க மேடம். கூடப்பிறந்த நான் போய்க் கேட்டே அசையாதவ அவ. வேற எவன் வந்து அசைச்சிட முடியும்?’னார்.”