பொக்கு மிளகு

"சாப்பிட்டு முடிக்கட்டும். கை கழுவுறதுக்குள்ள அந்த மனையைக் கேட்டுப்புடுறேன்" என்றார் தங்கப்பாண்டியன், லிப்டில் ஏறும்போதே.

கூடலூர் மிளகு வியாபாரி. பேரம் என்று உட்கார்ந்தால், எதிராளி கட்டின வேட்டியோடு எழுந்து போனாலே பெரிய விஷயம். இன்றைய எதிராளி, மகன் காதலிக்கும் பெண்ணின் அப்பா மொக்கைச்சாமி. பிழைக்கச் சென்னைக்கு வந்த மனுஷன். சொத்து என்று மிச்சம் இருப்பது பழனிசெட்டிபட்டியில் ஒரு வீட்டுமனை.

"அப்பா, அனுசுயாவோட தம்பி படிப்புக்கு அந்த மனையைத்தான் நம்பி இருக்காக. கேட்டீகன்னா கல்யாணமே நின்னுரும்" என்றான் சுரேஷ்கண்ணன்.

"நிக்கட்டும்லே. உன்னைய சும்மாவா வளர்த்தேன்?"

மனைவி ஜோதிலட்சுமி பையை இடுக்கிக்கொண்டு லிப்டின் பொத்தானை அழுத்தினாள். பேச்சுவார்த்தை இந்தச் சீனாக்காரன் ஓட்டலில்தான் என்று அடம்பிடித்தவள் அவள்தான். போன மாதம் மகனைப் பார்க்க வந்தபோது இங்கே சாப்பிட்டாளாம். ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லையாம்.

தட்டு வந்தது. கோழியைவிட வத்தல் அதிகம். நடுநடுவே சிவப்பாய் மிளகு.

"சிச்சுவான் மொளகு மாமா. பார்த்துச் சாப்பிடுங்க" என்றாள், எதிரே அப்பாவோடு உட்கார்ந்திருந்த அனுசுயா.

வந்ததே கோபம்! "யாருகிட்ட? மொளகு மூட்டை மேலயே படுத்து எந்திரிச்சவன்த்தா நான்."

ஒன்றை எடுத்துப் பல்லால் உடைத்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தோல்.

"பொக்கு! பொக்கு மொளகைப் போட்டு ஊரை ஏமாத்துறான். எவன்டா இங்கன மேனேஜரு?"

இன்னொன்றை உடைத்தார். அதுவும் பொக்கு. ஒரு கைப்பிடியைப் பொறுக்கி வாயில் போட்டு மென்றார். ஓடிவந்த சர்வரைப் பார்த்து, "ஒண்ணுல கூட உசுரு இல்லடா! எங்க ஊருக்கு வா, மொளகுன்னா என்னன்னு..."

அத்தோடு பேச்சு நின்றது. சீனாக்காரன் மிளகுக்குத் தோலில்தான் உயிர்.

உதடு இருக்கிறதா, போய்விட்டதா என்றே தெரியவில்லை. நாக்கு மரத்துப்போய், அடுத்தவன் நாக்கு மாதிரி கிடந்தது. கடைவாயில் எச்சில் ஒழுகியது.

மொக்கைச்சாமி அந்த நேரம் பார்த்துத்தானா கேட்க வேண்டும்?

"சம்பந்தி, மனசுல ஏதும் இருந்தா இப்பவே சொல்லிப்புடுங்க. நாங்க என்ன செய்யணும்?"

"ழ... ம்ம... ழே..."

பொறு, பொறு என்று இரண்டு கையையும் ஆட்டினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்.

"ஒண்ணும் வேணாம்கிறாக" என்றாள் ஜோதிலட்சுமி. "மருமகளைப் பார்த்ததும் கண்ணு கலங்கிப்போச்சு. இந்தாங்கண்ணே, தட்டைப் பிடிங்க."

வெற்றிலை, பாக்கு, பூ, பழம், எல்லாமே அவள் பைக்குள் தயாராக இருந்தன. அங்கேயே தட்டு மாற்றினார்கள். பக்கத்து மேசைக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள்.

நாக்கு திரும்பி வந்தபோது மொக்கைச்சாமி அவர் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார். "உங்களைப் பத்தி ஊர்ல என்னென்னமோ சொன்னாக சம்பந்தி. சொன்ன வாயி அழுகிப்போகும்."

தட்டு மாற்றிய பிறகு வாய் மாறினால், கம்பம் பள்ளத்தாக்கில் எவன் அவரை நம்பிச் சரக்குப் போடுவான்? தங்கப்பாண்டியன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கை கழுவும் இடத்தில் அனுசுயா கிசுகிசுத்தாள். "அத்தை, மொளகைப் பார்த்தா மாமா கடிக்காம விட மாட்டாகன்னு போன்ல எப்படி அடிச்சுச் சொன்னீக?"

ஜோதிலட்சுமி வாய் கொப்பளித்து நிமிர்ந்தாள்.

"எங்க கல்யாணம் பேச வந்த அன்னைக்கும், பொங்கல்ல கிடந்த மொளகைக் கடிச்சுப் பார்த்துட்டுத்தான் எங்கப்பாகிட்ட தென்னந்தோப்பைக் கேட்டாக. அப்ப நம்ம ஊர்ல இந்த மொளகு கிடைக்கலத்தா."